லூர்தம்மாளின் நாலாவது இறக்கம்

லூர்தம்மாளுக்குக் கோபம் வந்தால் மூச்சு நின்றுவிடும். கத்தமாட்டாள், கையை நீட்டிப் பேசமாட்டாள். வாயை இறுக மூடிக்கொண்டு, நெஞ்சு முழுக்கக் காற்றை அடைத்துவைத்து நிற்பாள். கழுத்து நரம்பு புடைக்கும், மூக்கு விடைக்கும். அரை நிமிஷம், சில நாள் ஒரு நிமிஷம். அப்புறம் ஒன்றுமே நடக்காதது மாதிரி விட்ட வேலையைத் தொடருவாள். கல்யாணமான புதிதில் கண்ணப்பன் இதைப் பார்த்துவிட்டு வலிப்பு என்று பயந்து இரும்புச் சாவி தேடி ஓடினான். பதினெட்டு வருஷத்தில் பழகிவிட்டது. "உங்கம்மா தம் கட்டிகினா, கிட்ட போவாத" என்று மகள் ஜாஸ்மினிடம் சொல்லிவிட்டுத் தன் பாட்டுக்குச் சாப்பிடுவான்.

அந்த மூச்சு கிணற்றில் வந்தது. வல்லம் வடகால் கிராமத்தில் அவள் அப்பாவுக்கு இருந்த துண்டு நிலத்தில் ஆறு ஆள் ஆழத்துக்கு ஒரு கிணறு. யாருடைய மோட்டாரில் ஃபுட்வால்வு கழன்று விழுந்தாலும், யார் வீட்டுக் குடம் முழுகினாலும் லூர்தைத்தான் கூப்பிடுவார்கள். ஒரே மூச்சில் அடிவரை போய்ச் சேற்றில் துழாவி எடுத்துக்கொண்டு வருவாள். பதின்மூன்று வயதில் அதை நிறுத்தினார்கள். பெரிய பெண்ணாகிவிட்டாளாம், பாவாடை தண்ணீரில் மேலே எழும்புகிறதாம். அன்றைக்கு முதல் தடவையாகக் கரையில் நின்றபடியே மூச்சைப் பிடித்தாள். பிறகு நிலம் தொழிற்பேட்டைக்குப் போனது. ஜேசிபி வந்து வரப்பையும் செங்கல்லையும் சேர்த்துத் தள்ளிக் கிணற்றை மூடியது. இப்போது அதன்மேல் லாரி நிறுத்துகிறார்கள். அதைச் சொல்லி அவள் புலம்பி யாரும் கேட்டதில்லை. அந்தப் பக்கம் போகும்போது வாயை மூடிக்கொள்வாள், அவ்வளவுதான்.

இரண்டாயிரத்து எட்டில் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். பஸ்ஸுக்கும் லாரிக்கும் பிரேக்குக்குக் காற்று கொண்டுபோகிற ரப்பர் ஹோஸ் செய்கிற கம்பெனி. அவளுக்குக் கிடைத்தது லீக் டெஸ்ட். ஹோஸின் இரண்டு முனையையும் அடைத்து, உள்ளே காற்றை ஏற்றி, தண்ணீர்த் தொட்டியில் முக்கிப் பார்க்க வேண்டும். குமிழி வரவில்லை என்றால் நல்லது, பதினாலாம் நம்பர் முத்திரை குத்தி அனுப்பலாம். குமிழி வந்தால் பழுது. சிவப்பு டேக் கட்டித் தனியே போட வேண்டும். ஒரு ஷிப்டுக்கு எட்டு மணி நேரம், தண்ணீரையே பார்க்கிற வேலை. புதிதாக வருகிறவர்கள் ஒரு மாதத்தில் கண் எரிகிறது என்று ஓடிப்போவார்கள். லூர்தம்மாளுக்குத் தண்ணீரைப் பார்ப்பது சலிக்கவில்லை. ஊசிமுனை அளவுக்கு ஒரு குமிழி கிளம்பினாலும் அவள் கண் பிடித்துவிடும்.

லைனின் தலைக்குமேல் ஒரு சிவப்புக் கயிறு ஓடியது. தரத்தில் சந்தேகம் வந்தால் யார் வேண்டுமானாலும் இழுத்து லைனை நிறுத்தலாம் என்று பக்கத்தில் போர்டு. இழுத்தால் ஸ்பீக்கரில் ஒரு பாட்டு மெட்டு வரும். அந்த மெட்டை அவள் கேட்டது ஒரே ஒரு முறை. இழுத்த டிரெய்னியை அடுத்த மாதம் கேட்டுக்கு வெளியேதான் பார்த்தாள்.

இரண்டாயிரத்துப் பதிமூன்று டிசம்பரில் ஒரு நாள், ஒரே லாட்டில் ஏழு ஹோஸ்களில் குமிழி வந்தது. ஹோஸும் இரும்பு முனையும் சேருகிற இடத்தில், பூணுக்கு அடியிலிருந்து, நூல் மாதிரி. ஏழுக்கும் டேக் கட்டினாள். மிச்சத்தையும் திருப்பிப் பார்க்க வேண்டும் என்று சூப்பர்வைசர் சுப்பராயனிடம் போய்ச் சொன்னாள். அவர் வந்து தொட்டியை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"இது லீக்கு இல்லம்மா. ரப்பர்ல ஒட்டிக்கினு இருந்த காத்து. தொடச்சிட்டு அனுப்பு. வண்டி கேட்ல நிக்குது."

லூர்தம்மாள் கயிற்றை அண்ணாந்து பார்த்தாள். மூச்சைப் பிடித்தாள். சுப்பராயன் தன் கையாலேயே ஏழு டேக்கையும் அவிழ்த்துப் பேண்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். முத்திரையை மட்டும் அவர் குத்தவில்லை. அதைக் குத்தியது லூர்தம்மாளின் கை.

கண்ணப்பன் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஆள் ஏற்றிவரும் கம்பெனி பஸ் ஓட்டுகிறவன். அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் அவனிடம் சொன்னாள். அவன் சிரித்தான். "காத்து எறங்குனா பிரேக்கு தானா புடிச்சிக்கும். வண்டி நிக்கும், ஓடாது. நீ ஏன் கெடந்து அடிச்சிக்கிற?"

"நடு ரோட்ல நின்னா, பின்னாடி வர்றவன் இன்னா பண்ணுவான்?"

கண்ணப்பன் தட்டை நீட்டினான். ரசம் கேட்டான்.

பொங்கல் முடிந்து கம்பெனியில் ஆண்டு விழா. அந்த வருஷத்தின் சிறந்த யோசனைக்குப் பரிசு. யோசனை லூர்தம்மாளுடையது. வெள்ளை டைல்ஸ் பதித்த தொட்டியில் சின்னக் குமிழி தெரிவதில்லை, அடியில் கறுப்புத் தகடு போட்டுப் பக்கத்திலிருந்து லைட் அடித்தால் வெள்ளி நூல் மாதிரி தெரியும் என்று அவள்தான் செய்து காட்டினாள். பேப்பரில் எழுதிக் கொடுத்தது சுப்பராயன், அதனால் முதல் பெயர் அவருடையது. கேடயத்தை அவர் வாங்கினார். லூர்தம்மாள் கைக்கு ஒரு கவர் வந்தது. யாரோ ஒரு சப்ளையர் கம்பெனிக்குக் கொடுத்து, ஸ்டாஃப் யாரும் சீண்டாமல் கிடந்த கூப்பன். புதுச்சேரியில் ஸ்கூபா டைவிங் பயிற்சி, ஒருவருக்கு. மார்ச் முப்பத்தொன்று வரை செல்லும்.

ஹெச்.ஆர். மேடம் சந்திரலேகா மேடையை விட்டு இறங்கிவந்து தனியாகச் சொன்னாள். "உங்களுக்கு இது சரிப்பட்டு வராதும்மா. ஸ்டோர்ல ஹாட்பாக்ஸ் இருக்கு, மாத்திக் குடுக்கச் சொல்றேன். கடலுக்கு அடியில போயி நீங்க என்ன பண்ணப்போறீங்க?"

"கொழம்புக்கு மீன் புடிச்சாரட்டும் மேடம்" என்றார் சுப்பராயன், கேடயத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு. பக்கத்தில் இருந்த பத்துப் பேரும் சிரித்தார்கள்.

லூர்தம்மாளுக்கு மூச்சு நின்றது. ஸ்கூபா என்றால் என்னவென்று அந்த நிமிஷம்வரை அவளுக்குத் தெரியாது. மூச்சு திரும்பியதும், "நான் போறேன் மேடம்" என்றாள்.

அவள் கடலுக்குப் போனது இப்படித்தான், ஆசையில் இல்லை, வீம்பில்.

வீட்டில் கண்ணப்பன் கூப்பனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒரு மிக்ஸியாவது கொடுத்திருக்கலாம் என்றான். கூப்பனில் இருந்த படத்தில் ஒரு பெண் உடம்போடு ஒட்டிய கறுப்பு ரப்பர் உடுப்பில் நின்றாள். அதைப் பார்த்ததும் அவன் முகம் மாறிப்போனது.

"இத்தப் போட்டுகினு நிப்பியா? பாக்கறவங்க இன்னா சொல்வாங்க?"

"தண்ணிக்கு அடியில யார்யா பாக்கறது, மீனா?"

அவனுடைய தங்கை லீலா புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருந்தது வசதியாகப் போயிற்று. மார்ச்சில் ஐந்து ஞாயிறு. சனிக்கிழமை முதல் ஷிப்டு முடித்து, செங்கல்பட்டு போய்ப் புதுச்சேரி பஸ் பிடித்து, லீலா வீட்டில் படுத்து எழுந்து, ஞாயிறு காலை கடல். ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு வராமல் இவள் எங்கே சுற்றுகிறாள் என்று கோயிலில் பேச்சு கிளம்பியது. சனிக்கிழமை சாயங்காலமே புதுச்சேரியில் பூசை பார்த்துவிட்டுத்தான் படுக்கிறாள் என்பதை அவளும் சொல்லவில்லை, கேட்கவும் யாருக்கும் தோன்றவில்லை.

முதல் ஞாயிறு நீச்சல்குளத்தில். சொல்லிக்கொடுக்கிறவன் பெயர் பகலவன், முப்பது வயசு, கடலோரத்து ஆள். கூடப் படிக்க வந்தது சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற சுகப்பிரியா. இருவரும் ஜோடி என்றான் பகலவன். ஒருத்தியின் சாமானை மற்றவள் சரிபார்க்க வேண்டும், கீழே ஒருத்தியை ஒருத்தி பிரியக் கூடாது. சுகப்பிரியா "ஹாய் ஆன்ட்டி" என்று கை கொடுத்தாள். முப்பத்தெட்டு வயசில் ஆன்ட்டியா என்று லூர்தம்மாளுக்குச் சுருக்கென்றது.

நீச்சலில் குறை இல்லை. தலையை வெளியே வைத்துக் கிணற்று நீச்சல் அடித்தே எட்டு சுற்று முடித்தாள். சிலிண்டரை முதுகில் மாட்டி, ரப்பர்க் குழாயை வாயில் கவ்வி, தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்தபோதுதான் வந்தது வினை. மூச்சை இழுத்தாள். விடவில்லை. நெஞ்சு நிறைய வைத்துக்கொண்டு குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருந்தாள். பகலவன் கையைக் காட்டினான், தோளைத் தட்டினான். அவள் எதற்கும் அசையவில்லை. மேலே கூட்டிவந்தான்.

"அக்கா, எனக்கு உங்க குமிழி வேணும். குமிழி வரலன்னா நீங்க மூச்சு விடலன்னு அர்த்தம். கீழ மூச்ச அடக்கிக்கிட்டு மேல வந்தீங்கன்னா உள்ள இருக்கிற காத்து ஊதிப்போயி நுரையீரல் கிழிஞ்சிடும். தம் கட்டவே கூடாது. முதல் பாடமே இதான்."

"எங்க கம்பெனில குமிழி வந்தா அந்த சாமானத் தூக்கிப் போட்ருவோம்" என்றாள் லூர்தம்மாள்.

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தண்ணீரில் குமிழி என்றால் பழுது என்று ஐந்தரை வருஷம் ஷிப்டு ஷிப்டாகப் பழகிய உடம்பு. அதற்கு முன்னால் கிணறு. அங்கே மூச்சை விட்டவன் வெறுங்கையோடு மேலே வருவான். வெளியேயும், கோபத்தை விழுங்க அவளுக்குத் தெரிந்த ஒரே வழி இதுதான். புத்திக்குப் புரிந்தது. தண்ணீருக்குள் போனதும் நெஞ்சு தானாகப் பூட்டிக்கொண்டது. அன்றைக்கு ஆறு தடவை முயன்றாள். சாயங்காலம் பகலவன் சுகப்பிரியாவின் பெயருக்கு நேரே டிக் போட்டான். லூர்தம்மாளின் பெயருக்கு நேரே எதையும் போடவில்லை.

அந்த வாரம் முழுக்க அவர்கள் கொடுத்த புத்தகத்தை ஜாஸ்மின் படித்துப் படித்துச் சொன்னாள். எல்லாம் இங்கிலீஷ். பிளஸ் ஒன் படிக்கிற பெண், தெரியாத வார்த்தையை டிக்ஷனரியில் பார்த்துவிட்டு வந்து சொல்லுவாள். லூர்தம்மாள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்பாள். ஒரு இடத்தில் மட்டும் கத்தியைக் கீழே வைத்தாள்.

"இன்னொரு வாட்டி படி."

ஜாஸ்மின் படித்தாள். யார் வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும், எந்தக் காரணத்துக்காகவும் கட்டைவிரலை மேலே காட்டினால் அத்தனை பேரும் மேலே போய்விட வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது.

"அப்பறமா திட்டுவாங்களா?"

"திட்டக் கூடாதுன்னு போட்டுக்கீதும்மா."

"எழுதுறதுக்கு இன்னா. எங்க போர்ட்லயும்தான் எழுதிக்கீது" என்று சொல்லிவிட்டு மறுபடி கத்தியை எடுத்தாள்.

இரண்டாவது ஞாயிறும் பூட்டு திறக்கவில்லை. மத்தியானம்வரை அதே கதை. குளத்தின் அடியில் உட்கார்ந்திருந்தவளுக்கு, சுப்பராயன் கேடயத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்ற நிலை கண்ணுக்குள் வந்தது. இதையும் முடிக்காமல் திரும்பிப் போனால் அந்த ஆள் என்ன சொல்லிச் சிரிப்பான் என்று தோன்றியது. வாயில் குழாய் இருப்பதையும் மறந்து, நாக்கில் வந்த கெட்ட வார்த்தை ஒன்றைச் சொன்னாள். சத்தம் வரவில்லை. பெரிதாக ஒரு குமிழிக் கொத்து மேலே போயிற்று.

லூர்தம்மாள் அண்ணாந்து அதைப் பார்த்தாள். மூச்சை இழுத்து, இன்னொன்று சொன்னாள். அதுவும் போயிற்று. டேக்கை அவிழ்த்ததற்கு ஒன்று, பாக்கெட்டில் போட்டதற்கு ஒன்று. ஹாட்பாக்ஸுக்காக சந்திரலேகாவுக்கு ஒன்று, கொஞ்சம் மரியாதையோடு. கிணற்றை மூடின ஜேசிபிக்கு நீளமாக ஒன்று. பாவாடை எழும்புகிறது என்று முதன்முதலில் கண்டுபிடித்த பெரியப்பனுக்கு, செத்துப் பத்து வருஷமானாலும் பரவாயில்லை என்று, ஒன்று. இழுத்தாள், திட்டினாள், இழுத்தாள், திட்டினாள். எதிரே பகலவன் இரண்டு கையாலும் அப்படித்தான், அப்படித்தான் என்று காட்டிக்கொண்டிருந்தான். எந்த வகை மூச்சுப் பயிற்சி அது என்று அவனுக்குக் கடைசிவரை தெரியாது.

மூன்றாவது ஞாயிறு கடல். கரையிலிருந்து படகில் முக்கால் மணி நேரம். பயிற்சி முடிய நாலு இறக்கம், நாலும் முடிந்தால் பெயர் போட்ட அட்டை. அன்றைக்கு இரண்டு. மீன் கூடட்டும் என்று எப்போதோ யாரோ இறக்கிய சிமெண்ட் உருளைகள் கீழே கிடந்தன. அவற்றைச் சுற்றி மீன்.

லூர்தம்மாளுக்கு மீன் தெரியும். ஸ்ரீபெரும்புதூர்ச் சந்தையில் செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்குகிறவள். சங்கரா, பாறை, களவா. எல்லாம் பக்கவாட்டில் படுத்தபடி, வாய் பிளந்து, ஐஸ் ஒட்டி இருக்கும். இங்கே அதே சங்கரா கூட்டமாக நிமிர்ந்து வந்தது. செதிலில் அப்படி ஒரு சிவப்பு இருப்பதும், முதுகில் நீலப் பொடி தூவின மாதிரி இருப்பதும் அவளுக்கு இத்தனை வயசுவரை தெரியாது. அத்தனையும் ஒரே நொடியில் திரும்பின. எவனும் விசில் அடிக்கவில்லை, எவனும் கையைக் காட்டவில்லை. உருளைக்குள் ஒரு களவா உட்கார்ந்து அவளைப் பார்த்தது. கடைக்காரன் தராசைப் பார்க்கிற மாதிரி, அவசரமே இல்லாத பார்வை. அவள் திட்டுவதை மறந்தாள். குமிழி மட்டும் தானாகப் போய்க்கொண்டிருந்தது.

நாலாவது ஞாயிறு காற்று கிளம்பியதால் ஒரே ஒரு இறக்கம், கணக்கில் மூன்றாவது. அன்றைக்கு மணலில் சின்னப் பள்ளம் ஒன்றைத் தாண்டிப் போனபோது, ஒரு முழ நீளத்தில் ஒரு மீன் பாய்ந்து வந்து அவள் காலில் மாட்டியிருந்த துடுப்பைக் கடித்தது. விலகினாள். மறுபடி கடித்தது. பார்த்தால் கிளாத்தி. வீட்டில் தோலை உரித்துக் குழம்பு வைக்கிற கிளாத்தி. தன்னைப் போலப் பத்து மடங்கு இருக்கிறவளை எதிர்த்து, முதுகு முள்ளைத் தூக்கிக்கொண்டு, கண்ணை உருட்டிக்கொண்டு நின்றது. பகலவன் அவள் கையைப் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போனான்.

படகில் ஏறியதும் விளக்கினான். பள்ளத்தில் முட்டை இருக்கிறது. நேர் மேலே போனால் துரத்திக்கொண்டே வரும், அந்தத் தண்ணீர் மொத்தமும் தன்னுடையது என்று அதற்கு நினைப்பு. பக்கவாட்டில் விலகினால் விட்டுவிடும்.

"எவ்ளோ நாளு காவக் காக்கும்?"

"குஞ்சு பொரியற வரைக்கும்க்கா. அதுவரைக்கும் எவன் வந்தாலும் கடிதான்."

லூர்தம்மாள் துடுப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அதில் பதிந்திருந்த பல் தடத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே கரைவரை வந்தாள். வருகிற ஞாயிறு அந்தப் பள்ளத்தைத் தள்ளி நின்று பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். வீம்பில் வந்தவளுக்கு அந்த வாரம் ஏழு நாளும் நீளமாக இருந்தது.

மார்ச் முப்பது. ஐந்தாவது ஞாயிறு, நாலாவது இறக்கம். மறுநாளோடு கூப்பன் செத்துப்போகும். காலையிலேயே தெற்குக் காற்று, படகு தூக்கிப் போட்டது. போனால் இப்போதே போக வேண்டும், பத்து மணிக்கு மேல் கடல் விடாது என்றான் பகலவன். நங்கூரக் கயிற்றைப் பிடித்து இறங்கினார்கள். இரண்டு ஆள் ஆழத்தில் நின்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வது வழக்கம்.

லூர்தம்மாள் சுகப்பிரியாவைப் பார்த்தாள். அவள் வாயிலிருந்து போகிற பெரிய குமிழிகள் சரி. தலைக்குப் பின்னால், சிலிண்டரிலிருந்து வாய்க்கு வருகிற ஹோஸில், பிளாஸ்டிக் உறை போட்டிருந்த இடத்துக்கு அடியிலிருந்து நூல் மாதிரி ஒன்று மேலே போனது. வெள்ளி நூல். கறுப்புத் தகடு இல்லாமலே தெரிந்தது.

பகலவனுக்குக் காட்டினாள். அவன் நெருங்கிப் பார்த்துவிட்டு, பரவாயில்லை, போகலாம் என்று கைகாட்டினான். கீழே சிமெண்ட் உருளைகள் மங்கலாகத் தெரிந்தன. அங்கேதான் எங்கோ அந்தப் பள்ளம். லூர்தம்மாளின் நெஞ்சு பூட்டிக்கொள்ளப் பார்த்தது. அவள் விடவில்லை. மூச்சை நீளமாக ஊதி, கட்டைவிரலை மேலே காட்டினாள். பகலவன் மறுபடி பரவாயில்லை என்றான். கட்டைவிரலை அவன் முகத்துக்கு நேராகக் கொண்டுபோய் வைத்தாள்.

மேலே வந்ததும் அவன் முகத்தில் எரிச்சல் அப்பட்டமாகத் தெரிந்தது. "அக்கா, இந்தக் காத்துல நான் படகு எடுத்ததே உங்களுக்காகத்தான். ரப்பர்னா லேசாக் கசியத்தான் செய்யும்."

"கசியற ஹோஸு நான் பாக்காததா? கசிஞ்சா மேல பூரா முத்து முத்தா வியர்க்கும். இது பூணுகிட்ட ஒரே நூலா வருது. உள்ள வெட்டு கீது. உறையக் கழட்டு."

அவன் உறையைப் பின்னுக்குத் தள்ளினான். ரப்பரில் நகம் நுழைகிற அளவுக்கு ஒரு பிளவு, அரைவட்டத்துக்கு ஓடியிருந்தது. லூர்தம்மாள் அதை லேசாக வளைத்தாள். சீறல் படகு முழுக்கக் கேட்டது. சுகப்பிரியா தன் கழுத்துக்குப் பின்னால் கையை வைத்துப் பார்த்துக்கொண்டாள்.

பகலவன் சிலிண்டரை மூடி ஹோஸைக் கழற்றினான். காலில் கட்டியிருந்த கத்தியை உருவி, அதை நடுவில் இரண்டாக வெட்டிப் படகின் மூலையில் போட்டான். மாற்று ஹோஸ் கரையில் இருந்தது. எடுத்துக்கொண்டு திரும்பினால் கடல் விடாது. படகைத் திருப்பினார்கள். கரையேறும்போது அவன், "அடுத்த சீசன்ல நானே கூப்புடறேன்க்கா. கூப்பன விடுங்க" என்றான். அவள் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள். கோபம் இருந்தது, எதிரே நிறுத்த ஒரு சுப்பராயன் இல்லை. சரியாகச் செய்தாலும் கைக்கு வந்தது போகிறது, தப்பாகச் செய்தாலும் போகிறது என்றால் யாரைப் போய்த் திட்டுவது? செங்கல்பட்டு வரை பஸ் ஜன்னலில் முகத்தை வைத்து ஊதிக்கொண்டே வந்தாள். பக்கத்து சீட்டுக்காரி ஆஸ்துமாவா என்று கேட்டாள்.

மறுநாள் திங்கள், முப்பத்தொன்று. வருஷக் கணக்கு முடிகிற நாள், கம்பெனியில் கால் தரையில் நிற்காது. பத்து மணி வாக்கில் தொட்டியில் குமிழி வந்தது. பூணுக்கு அடியிலிருந்து, நூல். அடுத்ததிலும். நாலாவதிலும். மூன்றுக்கும் டேக் கட்டினாள். சுப்பராயன் வந்தார். இந்தத் தடவையும் குனிந்து பார்க்கவில்லை. "இன்னிக்குள்ள இந்த லாட்டு போயாவணும் லூர்து. ஒட்டிக்கினு இருந்த காத்துதான் அது. முத்திரையக் குத்து" என்று சொல்லிக்கொண்டே டேக்கின் முடிச்சில் கை வைத்தார்.

லூர்தம்மாள் அவர் மூஞ்சிக்கு நேரே மூச்சை விட்டாள். அவர் ஒரு அடி பின்வாங்கினார்.

"இன்னாம்மா ஊதற?"

"நேத்து இதே நூலத்தான் சார் பாத்தேன். உறைய எடுத்துப் பாத்தா வெட்டு. டேக்குல கைய வைக்காதீங்க."

சொல்லிவிட்டுக் கையை உயர்த்திச் சிவப்புக் கயிற்றை இழுத்தாள்.

மெட்டு ஒலித்தது. கன்வேயர் நின்றது. அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சுப்பராயன் என்னென்னவோ சொன்னார், குடும்பம், சம்பளம், மேனேஜர், திமிர் என்று துண்டு துண்டான வார்த்தைகள் மட்டும் பாட்டுக்கு நடுவே கேட்டன. அவள் தொட்டி ஓரத்தைப் பிடித்தபடி நின்றாள். இழுத்தாள், விட்டாள். மேனேஜர் வந்து தொட்டியைக் குனிந்து பார்த்தார். ஒரு ஹோஸை எடுத்து அறுத்துப் பார்க்கச் சொன்னார். லைன் ஐம்பது நிமிஷம் நின்றது. அந்த லாட்டின் இருநூறு ஹோஸும் தனி டிராலிக்குப் போயின. டிசம்பரில் போன லாட்டைப் பற்றியும் அவள் சொன்னாள், ஏழு டேக்கு, தேதி, தான் குத்திய முத்திரை. மேனேஜர் எழுதிக்கொண்டார். எழுதியது எங்கே போனது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் அவளைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். அட்டைப் பெட்டியில் டேப் ஒட்டுகிற வேலை. பாராட்டும் இல்லை, மெமோவும் இல்லை. தொட்டிக்கு ஒரு புதுப் பெண்ணைப் போட்டார்கள், தென்காசிப் பக்கத்துத் தங்கமாரி. கண் எரியுதுக்கா என்று அவள் வந்தபோது, எதைப் பார்க்க வேண்டும், எங்கே பார்க்க வேண்டும் என்று டீ நேரத்தில் லூர்தம்மாள் காட்டிக் கொடுத்தாள். கயிறு எங்கே இருக்கிறது என்பதையும்.

செப்டம்பரில் பகலவன் போன் செய்தான். கடல் தெளிந்துவிட்டது என்றான்.

கண்ணப்பன் இந்த முறை தானும் வந்தான், படகுத் துறையில் உட்கார்ந்து ரப்பர் உடுப்பு விஷயத்தை நேரில் பார்த்துவிடுவது என்று. பார்த்தான். முட்டியில் பை மாதிரி தொங்குகிறது, உனக்குப் பெரிய சைஸ் என்றான். பகலவன் ஒரு டிரம்மில் தண்ணீர் நிரப்பி, ஒன்பது செட் சாமானையும் காற்று ஏற்றி வரிசையாக வைத்திருந்தான். உள்ளே ஒரு கறுப்புக் கோணி. "பாருங்கக்கா" என்றான். லூர்தம்மாள் குந்தி உட்கார்ந்து, ஒவ்வொன்றாக முக்கி, இரண்டைத் தள்ளி வைத்தாள். அவன் ஏன் என்று கேட்கவில்லை. கத்தியை எடுத்தான்.

நாலாவது இறக்கத்தில் பள்ளம் இருந்த இடத்தை அவளே கண்டுபிடித்தாள். தள்ளித்தான் நின்றாள். ஆனாலும் அது வந்தது, அதே கிளாத்தியோ, வேறொன்றோ, முள்ளைத் தூக்கிக்கொண்டு, கண்ணை உருட்டிக்கொண்டு. வந்த வேகத்தில் துடுப்பின் ஓரத்தைக் கவ்வி ஆட்டியது. லூர்தம்மாள் பக்கவாட்டில் இரண்டு கை தூரம் விலகிக்கொண்டாள். அது கடியை விட்டுவிட்டுத் தன் பள்ளத்துக்குத் திரும்பி, மேலே நின்று, இன்னும் முறைத்தது. அவளும் முறைத்தாள். அட்டைப் பெட்டியும் டேப்பும் ஞாபகத்துக்கு வர, சுப்பராயனுக்கு நீளமாக ஒன்று சொன்னாள். குமிழிகள் பெரிதாகி, ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு, வெளிச்சத்தைப் பார்த்துப் போயின.